எஞ்சினில் கால் வைக்கும் இடம்

ரயில் எஞ்சின்களில் ஓட்டுநரும் உதவியாளரும் நிற்கும் தகடுகள், அவர்கள் ஏறி இறங்கும் படிகள், பிடித்துக்கொள்ளும் கம்பிகள் ஆகியவற்றைப் பழுது பார்ப்பதுதான் என் வாழ்நாள் வேலை. எஞ்சின்களைப் பராமரிக்கும் ரயில்வே ஷெட் ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற பிறகு கல்குவாரிகளில் ஓடும் பொக்லைன், டம்பர், வீல் லோடர் ஆகியவற்றுக்கும் இதே வேலையைச் செய்து கொடுக்கிறேன். டர்போவையும் சக்கரத்தைச் சுழற்றும் டிராக்ஷன் மோட்டாரையும் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கால் வைக்கும் தகட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஷெட்டுக்கு வரும் ஒவ்வொரு எஞ்சினோடும் ஒரு லாக் புத்தகம் வரும். வழியில் கண்ட குறைகளை ஓட்டுநர்கள் அதில் எழுதிவைப்பார்கள். கம்ப்ரஸர் சத்தம் போடுகிறது, ஹெட்லைட் மங்குகிறது என்று எழுதியிருந்தால் அன்றே ஆள் போவார். இடது பக்கப் படி வளைந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் அடுத்த ஷெட்யூலில், அதாவது அடுத்த முறைப்படியான பராமரிப்பில், பார்க்கலாம் என்று தள்ளிவைப்பார்கள். வளைந்த படியால் எந்த ரயிலும் நடுவழியில் நின்றுபோவதில்லை. ஆகவே அது யாருக்கும் அவசரமாகத் தெரிவதில்லை. ஒரே படியைப் பற்றிய குறை மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் அடுத்தடுத்துப் பதிவாகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் அந்தப் படியில் தடுமாறியிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். நான்காவது ஆள் விழுந்தால் அது விபத்து என்று வேறொரு புத்தகத்தில் ஏறும். ஓட்டுநர் நிற்கும் இடமும் பிரேக்கைப் போல இயந்திரத்தின் உறுப்புதான், அதற்கும் அதே கவனம் வேண்டும் என்ற எண்ணம் அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டித்தான் எனக்குள் உறுதியானது.

நான் தொழில் பழகிய நாட்களில் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் ஓட்டும் தளமான ஃபுட்பிளேட்டில் நின்று வேலை செய்தவர்களிடமிருந்துதான் முதல் பாடங்கள் கிடைத்தன. எஞ்சினும், அதற்கான கரியையும் தண்ணீரையும் சுமக்கும் டெண்டரும் இரண்டு தனி வண்டிகள். வளைவில் எஞ்சின் ஒரு பக்கம் ஆடினால் டெண்டர் இன்னொரு பக்கம் ஆடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மூட, கீல் வைத்த ஒரு தகடு போட்டிருப்பார்கள். ஒரு முனை கீலில் நிற்கும். மறுமுனை எதிர்த்தளத்தின் மேல் ஓயாமல் சறுக்கிக்கொண்டிருக்கும். ஃபயர்மேன் டெண்டர் பக்கம் திரும்பிக் கரியை மண்வாரியில் அள்ளி, மறுபக்கம் திரும்பி ஃபயர்பாக்ஸுக்குள் வீசுவது இந்தத் தகட்டை ஒட்டித்தான். கையில் கனமான மண்வாரி, முகத்துக்கு நேரே தீ, காலடியில் நகர்ந்துகொண்டே இருக்கும் தகடு. இதற்கு நடுவில் அவர் கரியை எங்கே தூவ வேண்டும் என்று நெருப்பின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அந்தத் தகட்டின் சறுக்கும் முனை நாளடைவில் தேய்ந்து, மெலிந்து, மேல்நோக்கி வளைந்துவிடும். அடியில் ஒரு கரித்துண்டு சிக்கினாலும் தகடு எழும்பிக்கொள்ளும். வேகத்தில் திரும்பும் கால் அதில் இடறினால் பிடித்துக்கொள்ள அருகில் எதுவும் இல்லை. ஒரு மூத்த ஃபயர்மேன் ஷெட்டில் எஞ்சினை எடுத்துக்கொண்டதும் முதலில் தளத்தைக் கூட்டித் தண்ணீர் அடித்துக் கழுவுவார். நான் காரணம் கேட்டபோது, “தம்பி, தீயைக் கிளப்ப எவ்வளவு நேரமும் கிடைக்கும். வண்டி கிளம்பிய பிறகு தரையைப் பார்க்க நேரம் கிடைக்காது” என்றார். கரித்தூசி பறக்காமல் இருக்கவும் அந்தத் தண்ணீர் உதவியது. சில எஞ்சின்களில் இரும்புத் தளத்தின் மேல் மரப்பலகை போட்டிருப்பார்கள். பலகை சூட்டையும் அதிர்வையும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் ஒரு பலகையின் ஆணி தலை தூக்கினால் அதுவே பெரிய இடறு. பலகைத் தளத்தை நான் எப்போதும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது.

டீசல் எஞ்சின்கள் வந்தபோது கரியும் தீயும் போயின. நிற்கும் இடத்தின் சிக்கல்கள் உருமாறிக்கொண்டு உடன் வந்தன. எங்கள் பகுதியில் நீண்ட காலம் உழைத்தது டபிள்யூடிஎம்-2. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பில் 1960-களிலிருந்து வாரணாசியில் கட்டப்பட்ட எஞ்சின். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். உள்ளே இருக்கும் இயந்திரத்தை மூடும் அதன் நீண்ட ஹூட்டின் இரு பக்கமும் வெளிப்புறமாக ஒரு நடைபாதை ஓடும். எண்ணெய் அளவு, தண்ணீர் அளவு, கவர்னர் என்று எதைப் பார்க்க வேண்டுமானாலும் உதவி ஓட்டுநரும் ஃபிட்டரும் அந்த நடைபாதையில் நின்றுதான் ஹூட்டின் கதவுகளைத் திறக்க வேண்டும்.

சிக்கல் அந்தக் கதவுகளிலேயே தொடங்குகிறது. அவை நடைபாதையின் மேலேயே வெளிப்பக்கமாகத் திறக்கும். கதவு திறந்ததும் நிற்பவருக்கு மீதமிருப்பது ஒரு பாதத்தின் அகலம்தான். கதவைச் சுற்றிக்கொண்டு போக உடலை வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். அந்த ஒரு நொடியில் கைப்பிடிக் கம்பிதான் எல்லாம். கம்பி தளர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. அதனால் கதவின் கொக்கியைக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்தே சோதிக்க வேண்டும் என்பதைப் பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு வற்புறுத்திச் சொல்வேன். கொக்கி சரியாக மாட்டாத கதவு காற்றில் அடித்து, நிற்பவரை வெளியே தள்ளும்.

அடுத்தது எண்ணெய். கிராங்க் கேஸ் மூடிகளின் ஓரத்தில் கசியும் எண்ணெய் ஹூட்டின் கீழ்விளிம்பு வழியாக நடைபாதைக்கு இறங்கும். முதலில் அது மெல்லிய படலம். அதன் மேல் தூசி படியும். மழை பெய்தால் எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கும். செக்கர்டு பிளேட் போட்டிருக்கிறோமே, வழுக்காது என்பது பலரின் நம்பிக்கை. புதிய செக்கர்டு பிளேட்டின் மேடுகள் கூர்மையாக இருக்கும், பூட்ஸைப் பிடிக்கும். ஆட்கள் அதிகம் நடக்கும் இடத்தில், குறிப்பாக ஓட்டுநர் அறைக் கதவுக்கு எதிரிலும் படியின் தலைப்பிலும், சில ஆண்டுகளில் அந்த மேடுகள் மழுங்கிப் பளபளக்க ஆரம்பிக்கும். பளபளக்கும் செக்கர்டு பிளேட் சாதாரணத் தகட்டைவிட ஆபத்தானது, ஏனென்றால் பார்ப்பவர் அதை நம்பிக் கால் வைக்கிறார். மேடுகளுக்கு நடுவே எண்ணெய் தேங்கி நிற்பதும் உண்டு. வெயிலில் பார்த்தால் தெரியாது. டார்ச் விளக்கைத் தகட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மழுங்கிய இடமும் எண்ணெய் தேங்கிய இடமும் உடனே மின்னும்.

மணலையும் சொல்ல வேண்டும். ஏற்றத்திலும் மழையிலும் சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் தூவ எஞ்சின் காய்ந்த மணலைச் சுமந்து செல்கிறது. மணல் பெட்டியை நிரப்பும்போது கொஞ்சம் வெளியே சிந்தும். அந்த மணல் இரும்புத் தகட்டின் மேல் கிடக்கும்போது அதில் கால் வைப்பது தரையில் சிந்திய கேழ்வரகின் மேல் கால் வைப்பதுதான். சக்கரத்துக்குப் பிடிப்பு கொடுக்க வைத்த பொருள் மனிதனின் பிடிப்பைப் பறிக்கிறது. மணல் நிரப்பியவரே துடைப்பத்தால் தள்ளிவிட்டு இறங்க வேண்டும் என்று ஒரு பழக்கத்தை எங்கள் பிரிவில் கொண்டுவந்தோம். நிரப்பும் இடத்திலேயே ஒரு துடைப்பத்தைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் அது நடந்தது. கருவி கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் எந்த அறிவுறுத்தலும் எழுத்தில்தான் இருக்கும்.

தகடா, இடைவெளி விட்ட இரும்புச் சட்டங்களாலான கிரேட்டிங்கா என்ற கேள்வி குவாரிக்காரர்கள் அடிக்கடி கேட்பது. கிரேட்டிங்கில் எண்ணெயும் தண்ணீரும் சேறும் தங்காது; பற்கள் வெட்டிய கிரேட்டிங் என்றால் பிடிப்பும் நல்லது. ஆனால் அதன் வழியாக ஸ்பேனரும் நட்டும் கீழே விழும். கீழே ஆள் வேலை செய்யும் இடம் என்றால் இது சிறிய விஷயம் அன்று. நிலையான இயந்திரங்களின் மேடைகளுக்கான ஐஎஸ்ஓ 14122 தரநிலை, 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை புகும் அளவுக்குத் தளத்தில் ஓட்டை இருக்கக் கூடாது என்கிறது. கீழே ஆள் நிற்கும் இடமென்றால் அந்த அளவு 20 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஓடும் இயந்திரங்களுக்கு அந்தத் தரநிலை எழுதப்படவில்லை என்றாலும் அந்த அளவுகளை நான் எங்கும் பின்பற்றுகிறேன். படிகளுக்கும் சேறு மிதிபடும் இடங்களுக்கும் கிரேட்டிங், எஞ்சினுக்கோ மின்கம்பிகளுக்கோ மேலே வரும் இடங்களுக்குத் தகடு என்பது என் வழக்கம். தகடு போடும் இடங்களில் தண்ணீர் வடிய ஓட்டைகள் போட வேண்டும். ஓட்டையைத் தகட்டின் நடுவில் போடுவதால் பயனில்லை. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு வாளி ஊற்றிப் பார்த்து அந்த இடத்தில் போட வேண்டும்.

இனி முதல் படி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காயங்களில் பெரும்பாலானவற்றை நான் பார்த்தது இங்கேதான். ஷெட்டில் கான்கிரீட் தரை கிட்டத்தட்டத் தண்டவாளத்தின் மட்டத்திலேயே இருக்கும். அங்கே நின்று கீழ்ப்படியின் உயரத்தை அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதே எஞ்சின் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் சிக்னலில் நிற்கும்போது நிலைமை வேறு. தண்டவாளத்தை ஒட்டி ஜல்லி வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கும். படிக்கு நேர் கீழே தரை, தண்டவாள மட்டத்திலிருந்து வெகுவாகத் தாழ்ந்திருக்கும். அதுவும் உருளும் ஜல்லி. இரவில், மழையில், ஒரு கையில் விளக்கோடு, பெட்டிகளுக்கு நடுவில் கழன்ற குழாயைப் பார்க்க உதவி ஓட்டுநர் இறங்குவது அந்த இடத்தில்தான். ஷெட்டில் எடுத்த அளவு அவருக்கு எந்த விதத்திலும் உதவாது.

அப்படியானால் படியை இன்னும் கீழே இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றும். முடியாது. தண்டவாளத்துக்கு அருகே எஞ்சினின் எந்தப் பாகமும் எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு வெளியே வரலாம் என்பதற்குக் கட்டாய எல்லை உண்டு. அதோடு எஞ்சினின் உயரமே மாறுகிறது. டபிள்யூடிஎம்-2-இன் புதிய சக்கரத்தின் விட்டம் 1,092 மில்லிமீட்டர். தேய்ந்து கழிக்கும்போது 1,016. ஆக, சக்கரத் தேய்மானத்தால் மட்டுமே எஞ்சின் 38 மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது. சக்கரம் புதிதாக இருக்கும்போது கீழ்ப்படியை அளவாக வைத்தால் சக்கரம் தேய்ந்ததும் அது எல்லையைத் தாண்டிக் கீழே தொங்கும். தேய்ந்த சக்கரத்துக்கு அளவாக வைத்தால் புதிய சக்கரத்தில் உயரம் கூடிவிடும். இந்த இழுபறியில் படிக்குக் கிடைக்கும் இடம் குறைவு. ஆகவே உயரத்தைக் குறைக்க முடியாத இடத்தில் மற்ற மூன்றைச் சரியாகக் கொடுத்தே ஆக வேண்டும்: பாதத்தின் முன்பாதி முழுதும் பதியும் ஆழம், படிகளுக்கு இடையே ஒரே சீரான உயரம், தரையில் நிற்கும்போதே எட்டும் அளவுக்குக் கீழே வரை இறங்கும் கைப்பிடி. இவற்றில் மூன்றாவது பெரும்பாலும் விட்டுப்போகிறது. உயரமான ஆளை வைத்துச் சோதித்துவிட்டு எட்டுகிறது என்று எழுதிவிடுகிறார்கள். ரயில்வேயில் இன்று பெண்கள் பலர் உதவி ஓட்டுநர்களாகவும் ஓட்டுநர்களாகவும் பணியாற்றுகிறார்கள். ஷெட்டில் இருப்பவர்களிலேயே உயரம் குறைந்தவரை அழைத்துத் தரையில் நிற்கவைத்துக் கையை நீட்டச் சொல்லுங்கள். கைப்பிடியின் கீழ்முனை எங்கே இருக்க வேண்டும் என்று அவரே காட்டிவிடுவார்.

இறங்கும்போது எஞ்சினைப் பார்த்தபடியே இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் இயந்திரத்தைத் தொட்டிருக்க வேண்டும் என்பதும் தெரிந்ததே. தெரிந்தும் ஏன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு குதிக்கிறார்கள்? கையில் பை இருக்கிறது, டிபன் கேரியர் இருக்கிறது, கருவிப்பெட்டி இருக்கிறது. மூன்று தொடுகை வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு கையில் சுமையைக் கொடுத்தால் கணக்கு எப்படிச் சரிவரும்? தோளில் மாட்டும் பை கொடுத்தாலும், பெட்டியைக் கயிற்றில் இறக்க ஒரு கொக்கி வைத்தாலும் பாதிப் பிரச்சினை தீரும். குறை சொல்வதற்கு முன்னால் மனிதன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பாருங்கள்.

யார்டில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலையில் இன்னொரு ஆபத்து உண்டு. எஞ்சினின் முனையில் உள்ள படியில் பாயின்ட்ஸ்மேன் நின்றபடி யார்டுக்குள் போவார். அங்கே அவர் ஒரு கையால் பிடித்து, மறு கையால் ஓட்டுநருக்குச் சைகை காட்ட வேண்டும். இந்தப் படியில் ஒற்றைக் கைப்பிடி போதவே போதாது; உடலின் இரு பக்கமும் கம்பி வேண்டும், அதோடு கால் உள்பக்கம் நழுவிச் சக்கரத்தை நோக்கிப் போகாதபடி படிக்குப் பின்னால் மறைப்புத் தகடு வேண்டும். மறைப்பு இல்லாத படியைக் கண்டால் அந்த எஞ்சினை வெளியே விட எனக்கு மனம் வராது. ஓடும்போது ஏறுவது, இறங்குவது பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. எந்தப் படியும் அதற்காகக் கட்டப்படுவதில்லை.

நிற்கும் இடம் எவ்வளவு பெரிய பொறுப்பைத் தாங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி மலை ரயிலுக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சக்கரத் தண்டவாளம் தொடங்குகிறது. ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். ஆகவே ஓட்டுநருக்கு முன்னே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் உள்ள சிறிய மேடையில் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். முதல் பெட்டியின் மேடையில் இருப்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அது கைமாறி எஞ்சின் வரை போகும். எஞ்சினின் விசிலைக் கேட்டு அவரவர் பெட்டியின் கைப்பிரேக்கை இயக்குவார்கள். பாறை சரிந்து விழுந்தால், யானை நின்றால் முதலில் பார்ப்பது அந்த மேடையில் இருப்பவரின் கண்.

பயணியாகப் போகும்போதெல்லாம் நான் காட்சியைவிட அந்த மேடைகளையே அதிகம் பார்த்திருக்கிறேன். பிரேக்கைச் சுழற்ற உடல் பலம் முழுதும் வேண்டும். அந்தப் பலம் கைகளில் இருந்து வருவதாகத் தோன்றும். உண்மையில் கால் ஊன்றும் தளத்திலிருந்துதான் எழுகிறது. மழையில் நனைந்த தளத்தில் கால் நழுவினால் பிரேக்கின் மேல் பாதி பலம்கூட விழாது. பர்லியாறு பக்கத்து மூடுபனியில், பாலத்தின் மேல், ஒருவர் இடுப்பைக் கம்பியில் சாய்த்து, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்துக்கொண்டு பிரேக்கை இறுக்கியதைப் பார்த்தபோது, தளமும் கம்பியும் அவரும் சேர்ந்துதான் அந்தப் பெட்டியின் பிரேக் என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பிரேக் நன்றாக இருக்கிறதா என்று சோதிப்பவர்கள் அதை இயக்குபவரின் பாதத்துக்குக் கீழேயும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

குவாரிக்கு வந்த பிறகு பார்த்த உலகம் வேறு. எஞ்சின்களுக்கு ஷெட்யூல் உண்டு, ஆய்வு உண்டு. குவாரி இயந்திரங்களில் பல, வாங்கிய நாளில் இருந்த கீழ்ப்படி இல்லாமல்தான் ஓடுகின்றன. காரணம் எளிது: டம்பரின் கீழ்ப்படி கெட்டியான இரும்பாக இருந்தால் முதல் மாதத்திலேயே பாறையில் இடித்து வளைந்துவிடும். அதை வெட்டி எறிந்துவிடுவார்கள். பிறகு ஓட்டுநர் டயரின் மேல் மிதித்தோ, தாவியோ ஏறுவார். ஒரு டம்பர் ஓட்டுநர் என்னிடம், “அண்ணே, ஏறும்போது கண் பார்க்கிறது. இறங்கும்போது கால்தான் தேட வேண்டியிருக்கிறது” என்றார். படி எப்படி இருக்க வேண்டும் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கீழ்ப்படிக்கு நெகிழும் தொங்கல் வேண்டும். கிரஷரில் கழித்த கன்வேயர் பெல்ட் எந்தக் குவாரியிலும் கிடக்கும். அதை ஓர் அடி அகலத்துக்கு வெட்டி, மேலே பட்டை வைத்து போல்ட் போட்டு, கீழே பற்கள் வெட்டிய கிரேட்டிங் படியை மாட்டினால், பாறை இடித்தாலும் படி ஒதுங்கிக்கொண்டு திரும்ப வந்து நிற்கும். சங்கிலியில் தொங்கவிடுபவர்கள் உண்டு. வேண்டாம். சங்கிலிப் படி மிதித்ததும் உள்ளே போகும். உடல் பின்னால் சாயும். இரண்டு பக்கமும் தனித்தனிப் பெல்ட் துண்டு போடுவதைவிட அகலமான ஒரே துண்டு முறுக்காமல் நிற்கும். தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தை இலக்காக வைத்துக்கொண்டு, குவாரித் தரையின் மேடு பள்ளத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறேன்.

பொக்லைனில் ஏறும் வழி பெரும்பாலும் சக்கரத்துக்குப் பதிலாக ஓடும் டிராக்கின் மேல்தான். டிராக்கில் களிமண் அப்பியிருக்கும். இயந்திரம் நின்ற நிலையைப் பொறுத்து மேற்பகுதி வேறு பக்கம் திரும்பியிருந்தால் படியும் கேபின் கதவும் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது. வேலை முடிந்து நிறுத்தும்போது கேபினைப் படிக்கு நேராகத் திருப்பி நிறுத்துவது பைசா செலவில்லாத பாதுகாப்பு. டிராக் பிரேமில் ஒரு பழைய ஆக்ஸா பிளேடைச் சங்கிலியில் கட்டிவைத்தால் பூட்ஸின் சேற்றைச் சுரண்டிவிட்டு ஏறலாம். பக்கெட்டில் ஆளை நிறுத்தி உயரே தூக்குவதைக் கிராமத்துக் கட்டட வேலைகளில் இன்றும் பார்க்கிறேன். மண் அள்ளுவதற்குச் செய்த உறுப்பு அது. லிவரில் கை பட்டால் அது கவிழும். ஹோஸ் வெடித்தால் விழும். அதை நிற்கும் இடமாக நினைக்கவே கூடாது.

பிடிப்பில்லாத படியை அங்கேயே சரிசெய்ய ஓர் எளிய வழி, தகட்டின் மேல் ஓர் அங்குல இடைவெளியில் குறுக்காக வெல்டிங் கோடுகள் போடுவது. கோடுகள் தொடர்ச்சியாக இல்லாமல் விட்டுவிட்டு இருந்தால் தண்ணீர் வடியும். பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் வெல்டரை அழைக்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள். படிகள் பெரும்பாலும் டீசல் டேங்கை ஒட்டியோ அதன் மேலேயோ இருக்கும். டேங்க் மேல் நேரடியாக வெல்டிங் ஒருபோதும் கூடாது, படியைக் கழற்றி வெளியே எடுத்துச் செய்யுங்கள். இயந்திரத்திலேயே செய்தாக வேண்டும் என்றால் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகில் அதே உலோகத்தில் மாட்ட வேண்டும். எங்கோ சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் உருளைகளில் புள்ளி விழச் செய்யும். படியைச் சரிசெய்யப் போய் டிராக்ஷன் மோட்டாரைக் கெடுத்த கதைகள் இப்படித்தான் நடக்கின்றன.

கைப்பிடிகளில் விரிசல் தோன்றுவது வெல்டிங் செய்த அடிப்பகுதியில். மேலே ஆட்டிப் பார்த்தால் தெரியாது. அடியில் பெயின்ட் கோடாக வெடித்து, அந்தக் கோட்டில் துரு நீர் வழிந்திருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் கம்பி சுடுகிறது என்று சைக்கிள் டியூபைச் சுற்றுகிறார்கள். சுற்றுவது நல்லதுதான், இரு முனைகளிலும் நான்கு விரற்கடை விட்டுச் சுற்றினால் வெல்டிங் கண்ணில் படும். கம்பிக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் இடையே கையுறை போட்ட கை தாராளமாக நுழைய வேண்டும். மேடைக்கு ஓரக் கம்பி போடும்போது உயரம் 1,100 மில்லிமீட்டர், காலடியில் 100 மில்லிமீட்டர் உயரத் தடுப்புப் பட்டை, நடுவில் இன்னொரு கம்பி. காலடிப் பட்டையைச் செலவு என்று பலர் தவிர்க்கிறார்கள். பின்னோக்கி அடி வைப்பவருக்கு விளிம்பு வந்துவிட்டது என்று முதலில் சொல்வது அந்தப் பட்டைதான்.

நீண்ட நேரம் நிற்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய எஞ்சின்களில் இருக்கை இருக்கிறது. ஆனால் சிக்னலைக் கை உயர்த்திச் சொல்வது, ஸ்டேஷன் ஊழியரோடு கொடி பரிமாறுவது, வளைவில் ஜன்னலுக்குப் போய் வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பது என்று உதவி ஓட்டுநர் எழுந்து நிற்பதும் நடப்பதும் ஓயாது. வெறும் இரும்புத் தளத்தில் அதிர்வு முழங்காலுக்கு நேராக ஏறுகிறது. அடர்த்தியான ரப்பர் விரிப்பு அதைக் குறைக்கும். விரிப்பின் ஓரத்தைச் சரிவாகச் சீவி, கீழே ஒட்டிவிட வேண்டும். ஒட்டாத விரிப்பு மடங்கி இடறும். எண்ணெய் அடியில் புகுந்தால் விரிப்போடு சேர்ந்து ஆளும் நகர்வார்.

மின்கம்பி உள்ள தடத்தில் எஞ்சினின் கூரை நிற்கும் இடமே அன்று. மேலே 25,000 வோல்ட். தொட வேண்டும் என்பதில்லை. இரண்டு மீட்டருக்குள் உடலோ கருவியோ போகக் கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை எர்த் செய்து, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே ஏணியில் கால் வைக்க வேண்டும். ஏணியில் ஏறும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை மங்கியிருந்தால் அதையும் பழுதாகவே பதிவு செய்யுங்கள்.

ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். லாக் புத்தகத்தில் ‘படி சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் அது தள்ளிப்போகும். எந்தப் பக்கம், எத்தனையாவது படி, வளைவா, விரிசலா, வழுக்கலா, எந்த ஊர் யார்டில் எந்தத் தரையில் இறங்கும்போது தெரிந்தது என்று எழுதுங்கள். ‘வலது பின்பக்கம், கீழ்ப்படி, உள்பக்க வெல்டிங்கில் விரிசல், இரண்டு விரல் நீளம்’ என்று எழுதியிருந்தால் ஃபிட்டர் வெல்டிங் மெஷினோடு நேராக அந்த இடத்துக்கே வந்துவிடுவார். போனில் ஒரு படம் எடுத்து, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து அனுப்பினால் இன்னும் நல்லது. வேலை முடிந்த பிறகு எழுதியவரே மிதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.